லைடன் சென்டர்ல ரூம் தேடுறீங்களா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இத படிங்க

அட்மிஷனோ வேலையோ கெடச்சாச்சு, விசாவும் வந்தாச்சு, அடுத்து ரூம். நெதர்லாந்துல பழைய ஊர் ஒண்ணோட போட்டோவ பாத்துட்டா எல்லாருக்கும் ஒரே ஆசதான், கால்வா ஓரமா முன்னூறு நானூறு வருஷத்து வீடு, ஜன்னல தெறந்தா தண்ணி, கீழ காபி கடை. நானும் அப்படித்தான் லைடன் வந்தேன். நாலு வருஷத்துல மூணு ரூம் மாறியிருக்கேன், ரெண்டு சென்டருக்குள்ள, ஒண்ணு வெளிய. லைடன வெச்சு எழுதுறேன் ஆனா உட்ரெக்ட், டெல்ஃப்ட், ஹார்லெம், க்ரோனிங்கன்னு எந்த ஊருக்கு போனாலும் முக்காவாசி இதேதான், வாடகை சட்டம் நாடு முழுக்க ஒண்ணு.

முதல்ல எப்ப தேடுறதுன்னு சொல்லிடுறேன். செப்டம்பர்ல காலேஜ் தொறக்கும், அதனால ஜூலைலேந்து செப்டம்பர் முடியுற வரைக்கும் ஊரே ரூம் தேடும். இங்க யூனிவர்சிட்டி 1575ல ஆரம்பிச்சது, நாட்டுலயே பழசு, ஊர் சின்னது, பசங்க கூட்டம் பெருசு, கணக்கு நீங்களே போட்டுக்கங்க. அட்மிஷன் லெட்டர் வந்த அன்னைக்கே யூனிவர்சிட்டியோட ஹவுசிங் ஆபீஸ் பக்கத்துக்கு போய் வெளிநாட்டு மாணவர்களுக்குன்னு ஒதுக்குன ரூமுக்கு அப்ளை பண்ணிடுங்க, அதுக்கு தனி டெட்லைன், தனி ஃபீஸ், டெட்லைன் போச்சுன்னா போச்சு. முதல் வருஷம் அந்த ரூம் சுமாரா இருந்தாலும் எடுத்துக்கங்க, ஊருக்குள்ள வந்து காலூன்றிட்டு அப்பறமா கால்வா ஓர வீட்ட தேடலாம். நேர்ல இருக்கறவனுக்குத்தான் இங்க ரூம் கெடைக்கும்.

அதோட ரூம்.என்எல்னு ஒரு சைட் இருக்கு, டூவோ மாதிரி மாணவர் ஹவுசிங் நிறுவனங்களோட ரூமெல்லாம் அதுலதான் வரும், இங்க நீங்க பதிவு பண்ண நாள்லேந்து எத்தன நாள் காத்திருக்கீங்கன்றதுதான் சீனியாரிட்டி. அதனால இப்ப தேவையோ இல்லையோ, இன்னைக்கே பதிவு பண்ணி போட்டு வைங்க, ரெண்டு வருஷம் கழிச்சு என்னைய நெனச்சுப்பீங்க. பிரைவேட் ரூமுக்கு காமர்நெட், ஃபேஸ்புக் குரூப், இந்த ரெண்டுதான் எல்லாரும் பாக்குறது. காமர்நெட்ல மெசேஜ் அனுப்ப காசு கட்டணும், அதனால தேடுறதுக்கு நேரம் இருக்கற மாசம் மட்டும் கட்டுங்க, மறக்காம கேன்சல் பண்ணுங்க.

ஹொஸ்பிட்டீரன்னா என்ன

இதுதான் நம்ம ஆளுங்கள முழிக்க வைக்கிற விஷயம். ஷேர்டு வீட்ல ஒரு ரூம் காலியாச்சுன்னா நிறைய வீட்ல ஓனர் ஆள் பாக்க மாட்டாரு, உள்ள இருக்கற பசங்களே பாப்பாங்க. ஒரு சாயங்காலம் பத்து பதினஞ்சு பேர கூப்பிடுவாங்க, எல்லாரும் ஒரே ஹால்ல உக்காந்து, கைல ஒரு பீரோ டீயோ வெச்சுகிட்டு சிரிச்சு பேசணும், அவங்க அன்னைக்கு ராத்திரியே ஒருத்தர தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்ல சொல்லுவாங்க. இதுக்கு பேருதான் ஹொஸ்பிட்டீரன். பொண்ணு பாக்கற சடங்கு மாதிரியேதான், சொஜ்ஜி பஜ்ஜி மட்டும் கெடையாது, அதோட நம்மகூடவே இன்னும் பதினாலு பொண்ணு வரிசைல உக்காந்திருக்கும்.

நான் முதல் மூணு தடவ போனப்ப இன்டர்வியூக்கு போற மாதிரி போனேன், நல்ல சட்ட, படிப்பு, சிஜிபிஏ, நான் சமத்து, சத்தம் போட மாட்டேன், ரூம்லயே இருப்பேன். மூணுலயும் ஊத்திக்கிச்சு. அப்பறம் ஒரு டச்சு க்ளாஸ்மேட் சொன்னான், ரூம்லயே இருப்பேன்னு சொன்னா எவன்டா எடுப்பான், அவங்களுக்கு வேண்டியது கூட உக்காந்து சாப்பிட ஒரு ஆள்னு. அதுக்கப்பறம் நான் சமைப்பேன், வாரத்துல ஒரு நாள் எல்லாருக்கும் சமைக்க ரெடின்னு சொல்ல ஆரம்பிச்சேன், நாலாவதுல கெடச்சுது. சமைக்க தெரியாதா, செஸ், கிரிக்கெட், செடி வளக்கறது, எதோ ஒண்ண நெஜமா சொல்லுங்க, மறுநாள் அவங்க உக்காந்து பேசறப்ப அந்த செடி வளக்கற ஆளுன்னு ஞாபகம் வரணும், அவ்வளவுதான்.

மெசேஜ் எழுதறப்ப ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ரைட்டிங் திஸ்னு ஆரம்பிக்காதீங்க. நாலஞ்சு வரி, பேரு, என்ன படிக்கிறீங்க, எதுல ஆர்வம், அவங்க விளம்பரத்துல எழுதுன எதாவது ஒண்ண பிடிச்சு ஒரு வரி, ஒரு சிரிச்ச போட்டோ. சிலர் விளம்பரத்துல வேணும்னே நடுவுல ஒரு கேள்வி வெச்சிருப்பாங்க, உனக்கு பிடிச்ச சீஸ் என்னன்னு, முழுசா படிச்சியான்னு பாக்க. டச்சு பேசறவங்க மட்டும்னு போட்ட வீடு நிறைய இருக்கும், கோவம் வரத்தான் செய்யும், எனக்கும் வந்துச்சு, ஆனா அதுல சண்ட போட நேரம் இல்ல, அடுத்ததுக்கு போங்க. ஏழு மணின்னா ஏழு மணிக்கு போய் நில்லுங்க, ஏழேகாலுக்கு போனா முகத்துல காட்டுவாங்க. தெரிஞ்சவங்க சிபாரிசுல வர ரூம் ஹொஸ்பிட்டீரனே இல்லாம முடிஞ்சிரும், அதனால ஊருக்கு வந்த முதல் மாசம் கூச்சப்படாம பாக்கறவங்க எல்லார்கிட்டயும் ரூம் தேடுறேன்னு சொல்லிகிட்டே இருங்க.

ஃபிராடு

வெளிநாட்டுலேந்து தேடுறவங்கதான் இவனுங்க டார்கெட். சென்டர்ல பெரிய ரூம், பாதி வாடகை, ஓனர் இப்ப லண்டன்ல இருக்காரு, சாவிய கூரியர்ல அனுப்புவாரு, நீங்க ரெண்டு மாசம் அட்வான்ஸ் போட்டா போதும். இத படிக்கறப்ப சிரிப்பு வரும், ஆகஸ்ட் 25ந் தேதி ரூம் இல்லாம உக்காந்திருக்கறப்ப சிரிப்பு வராது, என்கூட படிச்ச ஒருத்தன் 1400 யூரோ போட்டான், போனது போனதுதான். ரூம நேர்லயோ இல்ல நம்ம ஆள் ஒருத்தர் போய் வீடியோ கால்லயோ பாக்காம ஒரு யூரோ கூட அனுப்பாதீங்க. சந்தேகம் வந்தா கடாஸ்டர்னு அரசாங்க நிலப்பதிவு சைட் இருக்கு, சில யூரோ கட்டுனா அந்த அட்ரஸுக்கு ஓனர் யாருன்னு வந்துரும். பாஸ்போர்ட் காப்பி கேட்டா அப்படியே அனுப்பாதீங்க, அரசாங்கமே கோப்பிஐடின்னு ஒரு ஆப் வெச்சிருக்கு, அதுல நம்பர மறைச்சு, எதுக்காக குடுக்கறோம்னு மேலயே எழுதி அனுப்பலாம்.

ஃபிராடு இல்ல ஆனா அதே அளவு தலவலி ஒண்ணு இருக்கு, உள்வாடகை. லீவுல ஊருக்கு போறவன் மூணு மாசத்துக்கு ரூம உங்களுக்கு குடுப்பான், ஓனருக்கு தெரியாது. ஓனர் எழுத்துல ஒத்துக்கிட்ட மெயில காட்ட சொல்லுங்க. இல்லன்னா ஓனர் வந்து நிக்கிற அன்னைக்கு பெட்டிய தூக்கிட்டு கெளம்ப வேண்டியது நீங்கதான்.

அட்ரஸ் பதிவு, இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க

நாலு மாசத்துக்கு மேல இங்க இருக்க போறீங்கன்னா வந்து 5 நாளுக்குள்ள கெமேன்டேல, அதாவது நகராட்சில, உங்க அட்ரஸ பதிவு பண்ணணும். அதுக்கு இன்ஸ்க்ரைவிங்னு பேரு. அத பண்ணாத்தான் பிஎஸ்என்னு சொல்ற அரசாங்க அடையாள நம்பர் வரும், அந்த நம்பர் இல்லாம சம்பளம், இன்சூரன்ஸ், பேங்க் எல்லாத்துலயும் இடிக்கும், பிஎஸ்என் குடுக்காம வேலைக்கு போனா சம்பளத்துல 52 சதவீதம் வரியா புடிப்பாங்க. இப்ப விஷயம் என்னன்னா, சில விளம்பரத்துல பதிவு பண்ண முடியாதுன்னு போட்டிருக்கும். ஓனர் அங்க அத்தன பேர வெக்க பர்மிட் வாங்கியிருக்க மாட்டாரு, இல்ல வரிக்கு மறைக்கிறாரு, இல்ல அது உள்வாடகை, எதோ ஒண்ணு. நீங்க குடியிருக்கற எடத்துல பதிவு பண்றது உங்க கடமை, ஓனர் தடுக்க முடியாது, ஆனா சட்டம் பேசிகிட்டு உள்ள போய் மாட்டறதவிட அந்த ரூமே வேணாம்னு விடறது நல்லது. இந்தியாலேந்து வர்றவங்க பர்த் சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டுல ஏத்துக்கற அரசு முத்திரை, போட்டு ஒரிஜினல கைலயே கொண்டு வாங்க, இங்க வந்து ஊர்ல அப்பாவ அலைய விடாதீங்க. அப்பாயின்ட்மென்ட் கெடைக்கவே நாளாகும், ஃப்ளைட் டிக்கெட் போட்ட கையோட அதையும் போட்டுருங்க.

வாடகைல என்ன என்ன இருக்கு

விளம்பரத்துல 650னு போட்டிருந்தா அது எதுன்னு கேளுங்க. காலே ஹுவர்னா வெறும் எடத்துக்கு மட்டும், அதுக்கு மேல கேஸ், தண்ணி, கரண்ட், நெட், மாடிப்படி லைட்டு வரைக்கும் சர்வீஸ் செலவுன்னு தனியா வரும். இது ரெண்டையும் காண்ட்ராக்ட்ல தனித்தனியா எழுத சொல்லுங்க. சர்வீஸ் செலவுக்கு வருஷா வருஷம் கணக்கு காட்டணும், நெஜமா ஆன செலவுக்கு மேல அவரு வெச்சுக்க முடியாது. எல்லாம் சேத்து ஒரே தொகைன்னு போட்டா கேக்க நல்லா இருக்கும், ஆனா எதுக்கு எவ்வளவு போகுதுன்னே தெரியாது.

இங்க ஷேர்டு வீட்ல இருக்கற ரூமுக்கு ஓனர் இஷ்டத்துக்கு வாடகை வெக்க முடியாதுங்கறது பல பேருக்கு தெரியாது. பாயின்ட் கணக்கு இருக்கு. உங்க ரூம் எத்தன சதுர மீட்டர், கிச்சன் பாத்ரூம எத்தன பேர் பங்கு போடுறீங்க, ஹீட்டர் உண்டா, வீடு எவ்வளவு கேஸ் கரண்ட் இழுக்கும்னு காட்டற எனர்ஜி லேபிள் என்ன, வெளிய உக்கார எடம் இருக்கா, எல்லாத்துக்கும் பாயின்ட், பாயின்ட்டுக்கு ஏத்த உச்சபட்ச வாடகை. 2024 ஜூலை 1லேந்து வந்த சட்டப்படி கெமேன்டேயே இதுல தலையிட்டு ஓனருக்கு அபராதம் போடலாம். ஹுவர்கொமிஸின்ற வாடகை கமிஷனோட சைட்ல நீங்களே கணக்கு போட்டு பாக்கலாம், டச்சு தெரியலன்னா பிரவுசர் மொழிபெயர்ப்ப ஆன் பண்ணிக்கங்க, ஒரு டேப் வாங்கி ரூம அளந்துக்கங்க.

சென்டர்ல வீடு எடுக்கறவங்களுக்கு இதுல ஒரு தனி கொக்கி இருக்கு. வீடு ரைக்ஸ்மொனுமென்ட்டா இருந்தா, அதாவது தேசிய பாரம்பரிய கட்டடமா பதிவாகியிருந்தா, 2024 ஜூலைக்கு அப்பறம் போட்ட காண்ட்ராக்ட்ல பாயின்ட் வாடகை மேல 35 சதவீதம் வரைக்கும் ஏத்திக்கலாம். ராபென்பர்க் கால்வா ஓரம், பீட்டர்ஸ்கெர்க் சர்ச் சுத்தி இருக்கற சந்து இங்கெல்லாம் அப்படி வீடு நெறைய. ஓனர் மொனுமென்ட்னு சொன்னா நம்பிட வேணாம், பதிவேடு நெட்லயே இருக்கு, அட்ரஸ போட்டு பாத்துக்கங்க.

கணக்கு போட்டு பாத்தா வாடகை ஓவரா இருக்கு, என்ன பண்றது? முதல்ல கையெழுத்து போட்டு, குடிவந்து, பதிவும் பண்ணிருங்க. ரூம் பாக்க போன எடத்துலயே பாயின்ட் பேசுனா அடுத்த ஆளுக்கு குடுத்துருவாங்க. குடிவந்து 6 மாசத்துக்குள்ள ஹுவர்கொமிஸிகிட்ட ஆரம்ப வாடகைய செக் பண்ண சொல்லலாம், வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஃபீஸ் 25 யூரோ, ஜெயிச்சா அதுவும் திரும்ப வரும். ஓனர் மூஞ்ச தூக்கி வெச்சுப்பாரு, ஆனா நீங்க வாடகைய கொறைக்க கேட்டீங்கன்றதுக்காக வெளிய அனுப்ப முடியாது. நான் ரெண்டாவது ரூம்ல கேக்கலாமா வேணாமான்னு அஞ்சு மாசம் யோசிச்சேன், கேட்டேன், மாசம் 90 யூரோ கொறஞ்சுது, ஓனர் அதுக்கப்பறம் குட்மார்னிங் சொல்றத மட்டும் நிறுத்திட்டாரு. பேச்சு முத்துனா யூரிடிஷ் லொக்கெட்னு இலவச சட்ட உதவி இருக்கு, போன் பண்ணி கேளுங்க.

காண்ட்ராக்ட்ட எழுத்துல வாங்குங்க. நம்ம ஆளுங்களுக்கு லைடன்னா சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுதான, ரொம்ப காலம் இந்த ஊர் யூனிவர்சிட்டில இருந்தது, அதுல நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு குடுத்த ஊருக்கு பிடி யானைய நடக்க விட்டு எல்லைய குறிச்சு ஒவ்வொரு வாய்க்காலையும் மேட்டையும் வரி வரியா எழுதி வெச்சிருக்காங்க. ஆயிரம் வருஷம் முன்னாடி அவங்களே அப்படின்னா நம்ம 12 சதுர மீட்டருக்கும் எழுத்து வேணும். பொதுவா இப்ப காண்ட்ராக்ட்டுக்கு முடிவு தேதி இருக்க கூடாது, ஆனா படிக்கறதுக்காக வேற ஊர்லேந்தோ வெளிநாட்டுலேந்தோ வர்ற மாணவருக்கு தற்காலிக காண்ட்ராக்ட் போடலாம்னு விதிவிலக்கு இருக்கு, மாணவரா இருக்கற வரைக்கும்னு குடுக்கற கேம்பஸ் காண்ட்ராக்ட்னா படிப்பு முடிஞ்சு 6 மாசத்துல காலி பண்ணணும். ஓனரும் அதே வீட்ல குடியிருந்தா விதியே வேற, அவருக்கு உரிமை ஜாஸ்தி, கையெழுத்துக்கு முன்னாடி அத தனியா விசாரிச்சுக்கங்க. அட்வான்ஸ் அதிகபட்சம் ரெண்டு மாச காலே ஹுவர். ஓனருக்காக விளம்பரம் போட்ட ஏஜென்ட் உங்ககிட்டயும் கமிஷன் கேட்டா அது சட்டவிரோதம். ரூமுக்கு பொதுவா ஹுவர்டூஸ்லாக்ன்ற அரசு வாடகை உதவி வராது, தனி வாசக்கதவு, தனி கிச்சன், தனி டாய்லெட் இருந்தாத்தான், அத நம்பி பட்ஜெட் போடாதீங்க.

பழைய வீட்ட பாக்க போறப்ப

மாடிப்படி. இத எத்தன பேர் சொன்னாலும் பாக்கற வரைக்கும் நம்ப மாட்டீங்க. வீடு ஒடுக்கமா உயரமா இருக்கும், படி ஏணி மாதிரி நிக்கும், பாதி பாதம்தான் வெக்க முடியும், புடிச்சுக்க ஒரு கயிறு தொங்கும். என் 28 இன்ச் பெட்டிய மூணாவது மாடிக்கு ஏத்த ரெண்டு பேரு, அரமணி நேரம். வீட்டு நெத்தில ஒரு கொக்கி நீட்டிகிட்டு இருக்கும், அழகுக்குன்னு நெனச்சேன், அதுல கயிறு போட்டு கட்டில் பீரோவ ஜன்னல் வழியா இழுக்கறதுக்குத்தான் அது. அதனால கழட்டி மாட்டற சாமானா பாத்து வாங்குங்க, மார்க்ட்ப்ளாட்ஸ் ஆப்லயும் க்ரிங்லோப்னு சொல்ற பழைய சாமான் கடையிலயும் சல்லிசா கெடைக்கும். முன்னாடி இருந்தவன் கட்டில், கர்ட்டன், தரைய உங்க தலைல கட்டுவான், அதுக்கு ஓவர்நாமன்னு பேரு, பேரம் பேசலாம். சாமான் எதுவும் இல்லன்னு போட்ட ரூம்ல தரையே போட்டிருக்காது, லைட்டும் இருக்காது, வெறும் ஒயர் தொங்கும், அதையும் பாத்துக்கங்க.

ஜன்னல் கண்ணாடி ஒத்தையா ரெட்டையா தட்டி பாருங்க. பாரம்பரிய கட்டடத்துல பெர்மிட் இல்லாம ஜன்னல மாத்த முடியாது, அதனால ஒத்த கண்ணாடியாவே இருக்கும், ஜனவரில ரூமுக்குள்ள ஜாக்கெட் போட்டு படிப்பீங்க, கேஸ் பில் தனியா பல்ல இளிக்கும். மூலைல, அலமாரிக்கு பின்னாடி, பாத்ரூம் கூரைல கருப்பு புள்ளி இருக்கா பாருங்க, புதுசா பெயின்ட் வாசன வந்தா இன்னும் உத்து பாருங்க. வெந்நீர் எதுலேந்து வருதுன்னு கேளுங்க, பாத்ரூம்லயே பழைய கேஸ் ஹீட்டர் தொங்குச்சுன்னா கார்பன் மோனாக்சைடு ஆபத்து, சர்வீஸ் எப்ப பண்ணாங்கன்னு கேக்கணும், டிடெக்டர் வேணும். ஸ்மோக் அலாரம் 2022 ஜூலைலேந்து ஒவ்வொரு மாடிக்கும் கட்டாயம். தீ புடிச்சா அந்த படிய விட்டா வேற வழி இருக்கான்னும் ஒரு நிமிஷம் யோசிங்க. கிச்சன்ல காத்து இழுக்கற மெஷின் ஓடுதான்னு போட்டு பாருங்க, தாளிக்கற ஆளுங்களுக்கு இது முக்கியம், எங்க வீட்ல முதல் நாள் கடுகு வெடிச்சதுக்கே அலாரம் அடிச்சு நாலு பேரு பைஜாமாவோட தெருவுல நின்னாங்க.

சத்தத்துக்கு ஒரு வழி சொல்றேன், ரூம் பிடிச்சிருந்தா வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அந்த தெருவுல ஒரு நட நடந்து பாருங்க. பசங்களுக்கு வியாழன்தான் கொண்டாட்டம், வெள்ளிக்கிழமை பெட்டிய தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு போயிருவாங்க. நீவ ரைன் கால்வா ஓரம்னா புதன், சனி சந்தை, வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே கடை போடுவாங்க, கம்பி விழுற சத்தம்தான் அலாரம், ஆனா சாயங்காலம் மூடற நேரத்துல ஒரு பை நெறைய தக்காளி கம்மி காசுக்கு கெடைக்கும். சர்ச் மணி ரெண்டு வாரத்துல பழகிரும். அக்டோபர் 3 மட்டும் பழகாது. 1574ல ஸ்பானிஷ் முற்றுகைலேந்து ஊர் தப்பிச்ச நாள், ரெண்டாந்தேதி ராத்திரியிலேந்தே ஊர் முழுக்க ராட்டினமும் பாட்டும், மறுநாள் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் தருவாங்க, ஹுட்ஸ்பொட்னு உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மசிச்சு சாப்பிடுவாங்க. அன்னைக்கு படிக்கறேன்னு கதவ சாத்தாதீங்க, முடியாது.

இதெல்லாம் கேட்டு பயமா இருந்தா சென்டருக்கு வெளிய டெ கோயி, ப்ரொஃபெஸோரன்வைக் பக்கம் பாருங்க, இல்ல பக்கத்து ஊரு லைடர்டார்ப், ஊஹ்ஸ்ட்கேஸ்ட். சைக்கிள்ல கால் மணி நேரம்தான், ரெட்டை கண்ணாடி, படுக்கையான படி, வாடகையும் கொஞ்சம் எறங்கும். ரெண்டாவது ரூமுக்கு நான் அங்கதான் போனேன். ஒரு வருஷத்துல திரும்ப சென்டருக்கே வந்துட்டேன், ராத்திரி பத்து மணிக்கு செருப்ப மாட்டிகிட்டு எறங்குனா ஆள் நடமாட்டம் இருக்கணும் எனக்கு. அது ஆளுக்கு ஆள் மாறும்.

குடிவந்த அன்னைக்கு சுவர், தரை, ஜன்னல், மெத்த, ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்து அன்னைக்கே ஓனருக்கு மெயில்ல அனுப்பிருங்க, வாட்ஸ்அப்ல அனுப்புனா அப்பறம் தேட முடியாது. காலி பண்றப்ப நீங்க ஒரு மாசம் முன்னாடி எழுத்துல சொன்னா போதும். கெமேன்டேல அட்ரஸ மாத்துங்க, சாவிய குடுக்கறப்ப ஓனர் கூட நின்னு ரூம ஒரு சுத்து பாத்து அவரையும் கையெழுத்து போட வைங்க. காண்ட்ராக்ட் முடிஞ்ச நாள்லேந்து கணக்கு ஓடும், அட்வான்ஸ் 14 நாளுக்குள்ள வரணும், எதாவது புடிச்சுக்க போறாருன்னா எதுக்கு எவ்வளவுன்னு எழுதி மிச்சத்த 30 நாளுக்குள்ள தரணும். 15வது நாள் காலைல அந்த முதல் நாள் போட்டோவ இணைச்சு ஒரு மெயில் போடுங்க.